தெர்மோஸ்டாட் மாத்தியும் கீசர் கொதிக்குது, எங்கே கோளாறு?

போர்தண்ணி_வீடு

15 லிட்டர் ஸ்டோரேஜ் கீசர், 2000 வாட், ஆறு வருஷம் ஆச்சு. வீடு முழுக்க போர் தண்ணிதான். கொஞ்ச நாளா தண்ணி தொட முடியாத சூடு. அரை மணி நேரத்துக்கு மேல் ஓடினா உள்ளே கொதிக்கிற சத்தம், பக்கத்து வால்வில் சீறிக்கிட்டு ஆவி வருது. மெக்கானிக் தெர்மோஸ்டாட்டைப் புதுசா மாத்தினார். திருகைக் குறைச்சா 'டிக்'னு கேக்குது, ஆனா சூடு ஏறிக்கிட்டேதான் இருக்கு. ஷவர் குழாயைத் தொட்டா லேசா சுர்ருங்குது. 16 ஆம்பியர் எம்சிபி (கரண்ட் அளவு மீறினா தானா விழுற சுவிட்ச்) ட்ரிப் ஆகலை. ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா தானா விழுற சுவிட்ச்) கிடையாது. கட்-அவுட்டையும் (சூடு மிஞ்சினா கரண்டைத் துண்டிக்கிற பாகம்) மாத்தணுமா?

குழாய்வேலை

சார், முதல்ல எம்சிபியை இறக்கிட்டு பிளக்கையும் சாக்கெட்ல இருந்து உருவிடுங்க. சுவிட்சை மட்டும் அணைச்சு விட்டுடாதீங்க. சுடுதண்ணிக் குழாயை இப்போ திறக்க வேண்டாம். மூடின டேங்க்ல அழுத்தம் இருக்கிறதால தண்ணி 100 டிகிரிக்கு மேலயும் தண்ணியாவே நிக்கும். குழாயைத் திறந்த நொடி ஆவியா மாறி முகத்துல அடிக்கும். டேங்கைச் சுத்தி ஃபோம் இருக்கு, சீக்கிரம் ஆறாது. மறுநாள் காலை வரைக்கும் விடுங்க.

வால்வு பத்தி ஒரு விஷயம். 15 லிட்டர் தண்ணி 27-ல இருந்து 60 டிகிரிக்குப் போகும்போது 200 மில்லி அளவுக்கு விரியும். அதனால சூடு ஏறுற நேரத்துல வால்வு சொட்டுறது சகஜம். ஆவி அடிக்கிறது சகஜம் இல்லை. சொட்டுதேன்னு அந்த வாயில எண்ட் கேப் போட்டு அடைக்கிறவங்க இருக்காங்க. தயவுசெஞ்சு யாரையும் அதைச் செய்ய விடாதீங்க. டேங்க் வெடிக்காம இருக்க அது ஒண்ணுதான் மிச்சம்.

மின்கம்பி

கட்-அவுட்டை மாற்றுவதற்கு முன் பொறுங்கள். 'டிக்' கேட்டும் சூடு ஏறுகிறது, குழாயில் சுர்ரென்கிறது, எம்சிபி விழவில்லை. இந்த மூன்றும் சேர்ந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது தண்ணீரைச் சூடாக்கும் காயிலைத்தான். கூடவே சாக்கெட்டில் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கலாம்.

பல கீசர்களில் தெர்மோஸ்டாட்டும் கட்-அவுட்டும் ஒரே ஒரு வயரைத்தான் துண்டிக்கும். அது ஃபேஸாக இருக்க வேண்டும். மாறியிருந்தால் இரண்டும் நியூட்ரலில் உட்கார்ந்திருக்கும், காயிலின் ஒரு முனைக்கு ஃபேஸ் எப்போதும் நேராகப் போய்க்கொண்டிருக்கும். காயிலின் மேல்குழாய் வெடித்து உள்கம்பி அதைத் தொட்டுவிட்டால், கரண்டுக்கு நியூட்ரலே தேவையில்லை. காயிலின் பாதி வழியாக எர்த்துக்கு இறங்கிவிடும். தெர்மோஸ்டாட் ஒழுங்காகத் துண்டித்தும் பயனில்லை. சுவிட்சை அணைத்தாலும் சூடாகலாம், ஏனென்றால் அந்தச் சுவிட்சும் நியூட்ரலில்தான் இருக்கிறது.

சோதிக்கும் முறை: சாக்கெட்டை எதிரே பார்த்து நின்றால் மேலே பெரிய துளை எர்த், வலது ஃபேஸ், இடது நியூட்ரல். சுவிட்ச் போட்டால் டெஸ்டர் வலது துளையில் மட்டும் எரிய வேண்டும். அணைத்தால் எந்தத் துளையிலும் எரியக் கூடாது.

பிறகு பிளக்கை உருவிய நிலையில் கீசரின் கீழ்மூடியைக் கழற்றி, காயிலின் இரண்டு வயரையும் பிரித்துவிட்டு மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். முனைக்கு முனை 26 ஓம் வர வேண்டும் (230 × 230 ÷ 2000). முனைக்கும் டேங்க் உடம்புக்கும் இடையில் எதுவுமே காட்டக் கூடாது. அளந்து எழுதுங்கள்.

போர்தண்ணி_வீடு

நன்றி சார். டெஸ்டர் இடது துளையில எரியுது, சுவிட்ச் அணைச்சாலும் எரியுது. முனைக்கு முனை 26.5. ஒரு முனையில இருந்து உடம்புக்கு 21.5, இன்னொண்ணுல இருந்து 5 ஓம். 21.5 காட்டுற முனைக்குத்தான் இடது பின்னோட வயர் நேரா வருது.

மின்கம்பி

கணக்கு நேராகிவிட்டது. 21.5-ம் 5-ம் சேர்ந்தால் 26.5, அதாவது காயில் அறுபடவில்லை, நடுவில் ஓரிடத்தில் உடம்பைத் தொடுகிறது. வீட்டு எர்த் 3 ஓம் என்று வைத்துக்கொண்டால் 230 ÷ 24.5, சுமார் 9.4 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்சிபிக்கு அது சாதாரண லோடு. காயிலில் மட்டும் 1,900 வாட் எரிகிறது, கிட்டத்தட்ட முழு சூடு. 15 லிட்டர் தண்ணீர் அரை நிமிடத்துக்கு ஒரு டிகிரி ஏறும். 60-லிருந்து கொதிநிலைக்கு 22 நிமிடம். எர்த் வயரில் 28 வோல்ட் ஏறி நிற்கிறது, நீங்கள் உணர்ந்த சுர்ர் அதுதான். எர்த் கம்பி துருப்பிடித்து அறுந்திருந்தால் குழாயில் ஏறக்குறைய முழு 230-ம் வந்திருக்கும். இதைச் சரிசெய்யும் வரை அந்த பாத்ரூமில் கீசரை ஒரு தடவைகூடப் போடாதீர்கள்.

குழாய்வேலை

காயில் மாத்துறப்போ: உள்வரும் தண்ணி வால்வை மூடி, சுடுதண்ணிக் குழாயைத் திறந்து, டேங்கை முழுசா வடிச்சிடுங்க. ஃபிளேஞ்ச் (காயில் பொருத்தியிருக்கிற தட்டு) நட்டுகளை எதிரெதிரா கொஞ்சம் கொஞ்சமா தளர்த்துங்க, மாட்டும்போதும் அப்படியேதான் இறுக்கணும். பழைய கேஸ்கட்டைத் திரும்பப் போடாதீங்க. புதுக் காயில் அதே 2000 வாட், தெர்மோஸ்டாட் நுழையுற குழலும் அதே நீளமா இருக்கணும். குழல் குட்டையா இருந்தா தெர்மோஸ்டாட் தண்ணிச் சூட்டைச் சரியா உணராது. போர் தண்ணிக்குச் செம்புக் காயிலை விட இன்கலாய் (நிக்கல் கலந்த உலோகம்) காயில் நிலைச்சு நிக்கும்.

காயில் மேல உப்பு தடிமனா கட்டினா அதோட சூடு தண்ணிக்குப் போகாம குழாய்க்குள்ளயே தேங்கும், வெடிக்கும். டேங்க் அடியில இருக்கிற உப்பை மரக்குச்சியால வழிச்செடுங்க. ஒட்டியிருக்கிறதுக்கு மளிகைக் கடையில எலுமிச்சை உப்புன்னு கேட்டு வாங்கி, ஒரு லிட்டர் வெந்நீருக்கு 50 கிராம் கரைச்சு ஊற வைங்க. பாத்ரூம் ஆசிட் வேண்டவே வேண்டாம், உலோகத்தை அரிச்சிடும். மெக்னீசியம் ராடு (டேங்க் அரிக்காம இருக்கத் தான் கரையுற கம்பி) பாதியா மெலிஞ்சிருந்தா அதையும் மாத்துங்க. இனிமே தெர்மோஸ்டாட்டை 50-55-ல வைங்க, 60-க்கு மேல போனா உப்பு வேகமா படியும்.

மின்கம்பி

சாக்கெட்டில் இரண்டு வயரையும் இடம் மாற்றச் சொல்லுங்கள். கோளாறு அங்கேயா, டிபி பெட்டியிலேயா (எம்சிபிகள் இருக்கும் பெட்டி) என்று பார்த்துவிட்டுச் செய்ய வேண்டும்; பெட்டியில் மாறியிருந்தால் மற்ற அறைகளிலும் இதே கதைதான். கீசருக்கு இரண்டு வயரையும் சேர்த்துத் துண்டிக்கும் 20 ஆம்பியர் டபுள் போல் சுவிட்ச் போடுங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம். இருந்திருந்தால் காயில் கசியத் தொடங்கிய அன்றே விழுந்திருக்கும். அடிக்கடி விழுகிறது என்று யாராவது அதைக் கழற்றிவிட்டு நேராக இணைக்கச் சொன்னால் கேட்காதீர்கள்.

ஆவி வரும் அளவுக்குப் பலமுறை கொதித்த டேங்க் என்பதால், மாட்டிய பிறகு வெல்டு ஓரங்களில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். சுடுதண்ணிக் குழாயில் காற்று நின்று தண்ணீர் ஒரே சீராக வந்த பிறகுதான் கரண்ட் போட வேண்டும். காலி டேங்கில் போட்டால் புதுக் காயில் உடனே கருகிவிடும். 27 டிகிரித் தண்ணீர் 55-க்கு வர 15 நிமிடம் போதும். 20 நிமிடம் கடந்தும் 'டிக்' கேட்கவில்லை என்றால் அணைத்துவிட்டு இங்கே எழுதுங்கள்.