ஏசி ஓடியும் கேம்பர் டிரெய்லருக்குள் சூடு குறையவில்லை

கேள்வி: எங்கள் கேம்பர் டிரெய்லரில் (காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும், உள்ளே தங்கும் வசதியுள்ள வண்டி) மதியம் 2 மணிக்கு மேல் ஏசி நிற்காமல் ஓடியும் உள்ளே 32 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை. ஜன்னல்களுக்கு உள்பக்கம் திரை இருக்கிறது. வேறென்ன செய்யலாம்?

பதில் 1: கண்ணாடியைத் தாண்டி வந்த வெப்பம் உள்ளேயே தங்கிவிடும், திரையை வெளிப்பக்கம் மாட்டுங்கள். கூரைக்கு மேல் நிழல்வலை கட்டினால் 15 செ.மீ. இடைவெளி விடுங்கள். ஒட்டிக் கிடந்தால் வலையின் சூடு தகட்டில் இறங்கும். கூரை ஏசியின் காற்று வழியை மூடிவிடாதீர்கள்.

பதில் 2: முதலில் ஏசியைச் சோதியுங்கள். 15 நிமிடம் ஓடியபின், உறிஞ்சும் காற்றைவிட வெளிவரும் காற்று 8 முதல் 11 டிகிரி குறைவாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஃபில்டரைக் கழுவுங்கள். எக்ஸ்டென்ஷன் வயரையும் பாருங்கள்: மெல்லியதாக, நீளமாக இருந்தால் வோல்டேஜ் குறைந்து கம்ப்ரசர் திணறும், எரிந்தும் போகலாம்.

பதில் 3: காலையிலேயே ஏசியைப் போடுங்கள். மெத்தையும் பலகையும் சூடேறிவிட்டால் ஆற மணிக்கணக்காகும்.