சீசன் ஆள், ஷிஃப்ட் மாற்றம், டீம்: கிருஷ்ணகிரி, தருமபுரி சூப்பர்வைசர்கள் பகிர்வது

பர்கூர் பக்கம், மாங்கூழ் ஆலை ஷிஃப்ட் சூப்பர்வைசர்:

பெங்களூரா மாம்பழ வரத்து ஏறிவிட்டால் ஆலையில் ஆள் எண்ணிக்கையும் கிடுகிடுவென்று ஏறும். பாதிப் பேர் புதுசு. பழகிப் பேசி டீம் ஆகட்டும் என்று விட்டால் சீசனே முடிந்துவிடும்.

நறுக்கும் மேசைக்கு வரும் பெண்கள் ஊர் ஊராக வேனில் வருகிறவர்கள். ஒரு வேன் ஆட்களை மொத்தமாக ஒரே மேசையில் நிறுத்தினால் வேகம் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதில் ஒருத்தரை எல்லார் முன்னாலும் திட்டினீர்கள் என்றால் மறுநாள் அந்த வேனே வராது. மேசைக்கு இரண்டு ஊர் ஆட்களைக் கலந்து போடுங்கள். போன சீசன் வந்த அக்கா ஒருத்தரை நடுவில் நிறுத்துங்கள். கருப்பு விழுந்த பழத்தை எவ்வளவு செதுக்குவது என்று வாயால் விளக்கிப் பயனில்லை. அப்படியே விடலாம், செதுக்கணும், தூக்கிப் போடணும் என்று மூன்று பழத்தைத் தட்டில் வைத்து மேசை நடுவில் வையுங்கள். வெட்டிய பழம் நிறம் மாறும், அதனால் மதியம் புதுசு வைக்க வேண்டும். தமிழ், தெலுங்கு, ஒடியா கலந்த மேசைக்கு அந்தத் தட்டே போதும்.

அடுத்தது கூழ் ஓடும் லைனைக் கழுவுவது. காஸ்டிக் சோடா கரைசலை ஓட்டி, பிறகு நல்ல தண்ணீரில் அலச வேண்டும். ஷிஃப்ட் மாறும்போது "கழுவியாச்சா?" என்று கேட்டால் "ஆச்சுங்க" என்றுதான் வரும். அவர் காஸ்டிக் ஓட்டி முடித்ததைச் சொல்கிறார். கேட்டவர் அலசலும் முடிந்தது என்று எடுத்துக்கொள்கிறார். "கடைசி அலசல் தண்ணியில பினாப்தலீன் விட்டப்ப என்ன நிறம்?" என்று கேளுங்கள். பினாப்தலீன் காரம் இருந்தால் நிறம் மாறும் சொட்டு மருந்து. ரோஸ் என்றால் காஸ்டிக் இன்னும் இருக்கிறது, மறுபடி அலசணும். தண்ணீரைப் பார்க்காத ஆள் இந்தக் கேள்விக்குத் தயங்குவார். அந்தத் தயக்கம் தெரிந்தால் போதும், நீங்களே போய்ப் பார்த்துவிடலாம்.

ஓசூர் சிப்காட், மெஷின் ஷாப் லைன் லீடர்:

பர்கூர் அண்ணா சொன்னது எங்கள் பக்கம் மைக்ரான் (மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கில் நடக்கும். 25 மி.மீ. துளை, எச்7 என்ற அளவு வரம்பு என்றால் 25.000 முதல் 25.021 வரைதான் இடம். துளையைக் குடையும் போரிங் டூல் தேயத் தேய துளை சிறுக்கும். 25.002க்கு வந்ததும் முதல் ஷிஃப்ட் ஆபரேட்டர் ஆஃப்செட்டில் (டூல் தேய்மானத்தை ஈடுகட்ட மெஷினில் போடும் திருத்தம்) 10 மைக்ரான் ஏற்றிவிட்டு, எழுதாமல் கிளம்புகிறார். அடுத்தவர் வந்து தட்டில் கிடக்கும் பழைய பீஸை அளக்கிறார். அதே 25.002. அவரும் 10 ஏற்றுகிறார். அடுத்த பீஸ் 25.022. சிறுத்த துளையை இன்னொரு தடவை ஓட்டிச் சரிசெய்யலாம், பெருத்தது ஸ்கிராப்.

ஏன் எழுதவில்லை? சோம்பேறி என்று முத்திரை குத்துவது சுலபம். ஆஃப்செட் புத்தகத்தை லீடர் எப்போது திறக்கிறார் என்று பாருங்கள். ரிஜெக்‌ஷன் வந்த அன்றைக்கு மட்டும் திறந்து "யாரு கை வெச்சது?" என்று கேட்டால், எழுதியவன் மாட்டுகிறான், எழுதாதவன் தப்பிக்கிறான். கொஞ்ச நாளில் புத்தகம் காலிதான். பிரச்சினை இல்லாத நாளிலும் லீடரே திறக்கணும். இரண்டு ஆபரேட்டரும் மெஷின் பக்கத்தில் நிற்கும்போது கேட்கணும்: எத்தனை மணிக்கு, எவ்வளவு, எந்த பீஸுக்கு அப்புறம்? மாற்றிய பிறகு வரும் முதல் பீஸில் மார்க்கரால் கோடு போட்டால் பழையதும் புதியதும் கலக்காது.

இதற்கெல்லாம் இரண்டு ஷிஃப்ட்டும் 10 நிமிடமாவது ஒன்றாக இருக்க வேண்டும். கம்பெனி பஸ் மணியடித்தால் கிளம்புகிறது என்றால் எந்தப் பயிற்சியும் எடுபடாது. பஸ் நேரத்தை மாற்றி வாங்குவது லீடரின் வேலை. ஆபரேட்டருக்கு அட்வைஸ் பண்ணுவதைவிட அது கஷ்டம், அதனால்தான் யாரும் செய்வதில்லை.

தருமபுரி, மனிதவளப் பயிற்சியாளர்:

ஓசூர் நண்பர் சொன்ன புத்தக விஷயத்துக்கு ஆராய்ச்சியே இருக்கிறது. ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனை வார்டுகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளைப் பார்த்தார். நல்ல டீம்களில்தான் தவறு எண்ணிக்கை அதிகமாகப் பதிவாகியிருந்தது. அவர்கள் மோசமாக வேலை செய்ததால் அல்ல, மறைக்காமல் சொன்னதால்தான் என்பது அவர் கண்ட விளக்கம். அதனால் புது முறை தொடங்கிய மாதம் புகார் கூடலாம் என்று மேனேஜரை முன்கூட்டியே தயார்படுத்தி வையுங்கள். கிராஃபைப் பார்த்துப் பதறி அவர் ஒரு மீட்டிங்கில் சத்தம் போட்டால், அடுத்த மாதம் கிராஃப் அழகாக இறங்கும். ஸ்கிராப் மட்டும் இறங்காது.

பர்கூர் பக்கம், மாங்கூழ் ஆலை ஷிஃப்ட் சூப்பர்வைசர்:

சார், எல்லாம் சரி. வேணும்னே செய்யறவனை என்ன பண்றது? கார்டை (கை உள்ளே போகாமல் தடுக்கும் பாதுகாப்பு மூடி) கழற்றி வைத்துவிட்டு, கூழ் பிழியும் பல்பர் மெஷினை ஓட்டுகிற ஆள் எல்லா ஆலையிலும் உண்டு.

ஓசூர் சிப்காட், மெஷின் ஷாப் லைன் லீடர்:

அதுக்கு விட்டுக்கொடுக்கவே கூடாதுங்க. மெஷினை நிறுத்துங்க, கார்டு மாட்டாம ஓட விடாதீங்க. பேச்சு அன்னைக்கே, தனியா. பார்த்ததை மட்டும் சொல்லணும்: "3 மணிக்கு கார்டு கீழே இருந்துச்சு, மெஷின் ஓடிட்டிருந்துச்சு." "நீ எப்பவுமே இப்படித்தான்"னு ஆரம்பிச்சா அவன் கார்டை விட்டுட்டு உங்ககூட சண்டைக்கு வந்துடுவான். ஏன் கழற்றினான்னும் கேளுங்க. பாதி நேரம் நார் அடைச்சிருக்கும், கார்டோட சுத்தம் பண்ண வழி இருக்காது. அப்போ மெயின்டெனன்ஸுக்கும் வேலை இருக்கு. காரணம் இல்லாம மறுபடி செஞ்சா எழுத்துல வாங்கிடுங்க.

காவேரிப்பட்டணம், பேக்கிங் பிரிவு:

வடமாநில ஆட்கள் விஷயத்தில் ஒன்று. மேஸ்திரி மூலமாக மட்டும் பேசாதீர்கள். ஆள் வேலையை விட்டுப் போனால் அவருடைய கமிஷன் போய்விடும், அதனால் ரூமில் தண்ணீர் வரவில்லை என்ற புகார்கூட உங்களிடம் வராது. அவர்களிலேயே கொஞ்சம் தமிழ் பேசுகிற ஒருவரைப் பிடித்து, வாரம் ஒரு தடவை மேஸ்திரி இல்லாத நேரத்தில் கேளுங்கள்.

உள்ளூர் ஆட்களுக்கு ஆடி 18. ஒகேனக்கல் போகாதே என்றால் யாரும் கேட்கப் போவதில்லை. பத்து நாள் முன்பே பட்டியலை அவர்கள் கையில் கொடுத்து, மேசைக்கு எத்தனை பேர் கட்டாயம் வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். யார் போவது, யார் நிற்பது என்று அவர்களே பேசி எழுதித் தரட்டும். நிற்கிறவர்களுக்கு அடுத்த ஞாயிறு லீவு என்பதையும் அதே தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுங்கள்.