சிசிலிச் சமையல்: புத்தகம் சொல்லாமல் விடும் இடங்கள்

இத்தாலியச் சமையல் புத்தகங்களில் உப்பு, எண்ணெய், வினிகர் பக்கத்தில் 'குவான்தோ பாஸ்தா' (quanto basta) என்று போட்டிருக்கும். வேண்டிய அளவு என்று பொருள். கபோனாதா என்ற சிசிலிக் கத்தரிக்காய்ப் பதார்த்தத்தில் இதுதான் காலை வாரும். அந்தப் பதார்த்தமே புளிப்பும் இனிப்பும் ஒத்துப்போவதில்தான் நிற்கிறது. ஒரு கிலோ கத்தரிக்காய்க்கு வினிகர் 80 மி.லி., சர்க்கரை 30 கிராம் என்று தொடங்குங்கள்.

காயை 2–3 செ.மீ. துண்டுகளாக நறுக்கி, உப்புப் பிசறி ஒரு மணி நேரம் வடியவிட்டு, கழுவித் துணியில் ஒற்றுங்கள். 180 டிகிரி எண்ணெயில் நான்கு ஈடாகப் பொரியுங்கள். ஒரே ஈடாகக் கொட்டினால் எண்ணெய்ச் சூடு இறங்கும், காய் எண்ணெயைக் குடித்துச் சொதசொதவென்று ஆகிவிடும். செலரியை உப்பு நீரில் 3 நிமிடம் வேகவைத்தால் போதும், கடித்தால் நறுக்கென்று இருக்கணும். வெங்காயம், தக்காளி, பச்சை ஆலிவ், கேப்பர் (ஒரு செடியின் ஊறவைத்த பூமொட்டு) சேர்ந்த குழம்பில் வினிகரும் சர்க்கரையும் விட்டு, நெடி அடங்க வற்றிய பிறகுதான் கத்தரிக்காய். முன்பே போட்டால் கூழாகிவிடும். சூட்டோடு ருசி பார்த்து வினிகரைக் கூட்டாதீர்கள். மறுநாள் ஆறிய நிலையில்தான் உண்மையான ருசி தெரியும்.

*

கேப்பர் பற்றி ஒன்று. பாந்தெல்லேரியா தீவுக் கேப்பர் உப்பில் போட்டது. அரை மணி ஊறவைத்து, இரண்டு முறை தண்ணீர் மாற்றணும். வினிகரில் ஊறிய பாட்டில் கேப்பர் என்றால் மேலே சொன்ன 80 மி.லி.யை 60 ஆக்குங்கள்.

சிசிலியின் தலைநகரான பலெர்மோவின் மத்தி மீன் பாஸ்தாவில் தண்ணீர்தான் முக்கியம். காட்டுப் பெருஞ்சீரகக் கீரை வெந்த நீரிலேயே பாஸ்தாவும் வேகணும். அதைக் கொட்டிவிட்டால் பாதி மணம் போச்சு. கீரை கிடைக்காவிட்டால் தோட்டத்துப் பெருஞ்சீரகத்தின் தழையோடு ஒரு தேக்கரண்டி சோம்பைத் துணியில் முடிந்து போடலாம். உப்பிட்ட நெத்திலியை அடுப்பை அணைத்துவிட்டு இளஞ்சூட்டு எண்ணெயில் கரையுங்கள். காய்ந்த எண்ணெயில் கருகிக் கசக்கும். மத்தியில் பாதியை முதலிலேயே போட்டு உதிரவிடணும், மீதி கடைசி 5 நிமிடத்தில். மேலே சீஸ் வேண்டாம், எண்ணெயில் வறுத்த ரொட்டித்தூள்தான்.

*

சிசிலியின் திராப்பனி நகரத்து மீன் குஸ்குஸ் (ரவையை மணியாக்கி ஆவியில் வேகவைப்பது) செய்பவர்களுக்கு: ரவையில் உப்பு நீர் தெளித்து விரல் நுனியால் சுழற்றி மணியாக்குவதைப் படம் பார்த்துப் பிடிப்பது கஷ்டம். அள்ளி விட்டால் உதிரணும். ஒட்டினால் தண்ணீர் கூடிவிட்டது. உலர்ந்த ரவை தூவிச் சுழற்றுங்கள். கீழே கொதிக்கும் பானையும் மேலே மணிகள் வேகும் துளைப் பானையும் சேரும் இடத்தைப் பிசைந்த மாவால் அடைக்கணும், இல்லையேல் ஆவி பக்கவாட்டில் போய் மேல் மணிகள் வேகாது. ஒன்றரை மணி நேர ஆவிக்குப் பிறகு மீன் சாற்றைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றி, கம்பளியால் மூடி ஒரு மணி நேரம் விடுங்கள். சாறு ஆறியிருந்தால் மணி ஊறாமல் நடுவே கடினமாக நிற்கும்.