வேலைக்கும் நகரமைப்புப் படிப்புக்கும் நடுவில் நேரம் போதவில்லை

கேள்வி: சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு பிளானிங் ஆலோசகரிடம் வரைவாளராக இருக்கிறேன். இந்திய நகரமைப்பாளர் நிறுவனத்தின் அசோசியேட்ஷிப் தேர்வுக்கு (நகரமைப்பாளராகத் தகுதி பெறும் தேர்வு) படிக்கிறேன். ஏற்காட்டில் மனை அளந்துவிட்டு இறங்கினாலே இருட்டிவிடுகிறது. புத்தகத்தைத் திறந்தால் தூக்கம்தான். எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

பதில்: ராத்திரியை விட்டுவிடு தம்பி. விடியற்காலை ஒரு மணி நேரம் போதும்.

பதில்: அந்த ஏற்காட்டு வேலைதான் உங்கள் பாடமே! மலைப்பகுதி என்பதால் அங்கே வனத்துறை, புவியியல் சுரங்கத்துறை, வேளாண் பொறியியல் துறை எல்லாம் மனை அனுமதிக்குக் கருத்துச் சொல்ல வேண்டும். அவர்களிடம் ஏன் கருத்துக் கேட்கிறார்கள் என்று கோப்பைப் புரட்டுங்கள்: சரிவு, மண்ணரிப்பு, ஓடை. அப்புறம் தமிழ்நாட்டின் 1971 நகர் ஊரமைப்புச் சட்டம், 2019 கட்டட விதிகள், இரண்டிலும் பொருந்தும் பிரிவைக் குறித்து வையுங்கள். நான் சட்டத் தாளுக்கு இப்படித்தான் படித்தேன்.

கேட்டவர்: நன்றி அக்கா. தேர்வு மாதத்து விடுப்பை இப்போதே முதலாளியிடம் கேட்கலாமா?

பதில்: இன்றைக்கே கேளுங்கள், எழுத்தில்.