முதல் கட்டுரையை எங்கே அனுப்பினீர்கள்? நகரத் திட்டமிடல் ஆய்வாளர்களின் அனுபவங்கள்

ஆய்வு மாணவி, மதுரை:

2011-இல் மதுரை மாநகராட்சி 72 வார்டிலிருந்து 100 வார்டாக விரிந்தபோது எல்லைக்குள் வந்த கண்மாய்களைப் பற்றியது என் ஆய்வு. பிஎச்.டி. பதிவு செய்த கொஞ்ச நாளிலேயே வாட்ஸாப்பில் விலைப்பட்டியல் வர ஆரம்பித்துவிட்டது. ஸ்கோப்பஸ் (ஆய்வு ஜர்னல்களைத் தொகுக்கும் தரவுத்தளம்) பட்டியலில் இருக்கிற ஜர்னலில் நம் கட்டுரையை உறுதியாகப் போடுவார்களாம். எழுதியவர்களின் பெயர் வரிசையில் முதல் இடத்துக்கு ஒரு ரேட், மூன்றாவது இடத்துக்கு ஒரு ரேட். என்னோடு படிக்கிற பலர் வேறு வழி தெரியாமல் கட்டினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஆனால் அந்தப் பணத்தோடு அவர்கள் இழந்தது இன்னொன்று. அவர்கள் எழுதியதை ஒருவரும் படிக்கவில்லை. இதைச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது.

நான் அனுப்பிய முதல் ஜர்னல், ரிவ்யூவுக்கே (அதே துறை ஆய்வாளர்கள் படித்துக் கருத்துச் சொல்வது) விடாமல் திருப்பிவிட்டது. மதுரையைப் பற்றி நிறைய இருக்கிறது, வேறு ஊரில் திட்டமிடுகிறவருக்கு இதில் என்ன இருக்கிறது என்று எடிட்டர் இரண்டு வரி எழுதியிருந்தார். அடுத்த ஜர்னலில் இரண்டு பேர் படித்தார்கள். அதில் ஒருவர் கேட்டார்: "ஆக்கிரமிப்பு என்று பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. நிலத்தின் வகைப்பாட்டை மாற்றியது யார், எப்போது?"

அந்தக் கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டுதான் தாலுகா ஆபீசுக்குப் போனேன். பழைய அ-பதிவேட்டையும் (ஊர் நிலங்களை வகைப்பாட்டோடு பட்டியலிடும் வருவாய்த் துறைப் பதிவேடு) எஃப்எம்பி ஸ்கெட்ச்சையும் (புல அளவை வரைபடம்) பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஓடைப் புறம்போக்கு என்று இருந்த சர்வே எண் பிற்பாடு சாலை ஆகியிருந்தது. அந்தக் கண்மாயில் முன்பு நீர்பாய்ச்சியாக (வயல்களுக்குத் தண்ணீர் திறந்துவிடுபவராக) இருந்த பெரியவர் இடத்தையே காட்டினார். "இங்கனக்குள்ளதான் தாயி மறுகால் ஓடும். மேல ரோட்டப் போட்டுப்புட்டாய்ங்க, தண்ணி எங்கிட்டுப் போகும்?" கண்மாய் நிரம்பி வழிகிற தண்ணீரின் பாதையைத்தான் மறுகால் என்றார். குடிசை போட்டவர்களுக்கு முன்பே அரசுத் துறைகள் கண்மாய்க்குள் வந்திருந்தன. கட்டுரையின் வாதமே அதுதான் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எந்த ஊர்த் திட்டமிடுபவரும் கவனிக்க வேண்டிய விஷயம் அது. முகம் தெரியாத ஒருவர் சம்பளம் வாங்காமல் படித்துக் கேட்ட கேள்வியால் வந்தது. காசு கட்டியிருந்தால் எனக்கு இது கிடைத்திருக்குமா?

உதவிப் பேராசிரியர், தனியார் கல்லூரி, திண்டுக்கல்:

தங்கச்சி எழுதியது முழுக்க உண்மை. ஒன்று சேர்க்கிறேன். ஆய்வேட்டுக்கு முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதிகளிலேயே எடுத்துவிட்டது. ஆனாலும் பல பல்கலைக்கழகங்களில் அவரவர் விதி தொடர்கிறது, அதனால்தான் இந்த வியாபாரம் நடக்கிறது. ஏற்கத்தக்க ஜர்னல்கள் எவை என்று காட்டிய யுஜிசி-கேர் பட்டியலும் 2025 பிப்ரவரியில் நின்றுபோனது. இனி நாமேதான் சோதிக்க வேண்டும். எடிட்டோரியல் போர்டில் பேர் போட்டிருப்பவர் தன் சொந்தப் பக்கத்தில் அந்த ஜர்னலைச் சொல்கிறாரா என்று நான் முதலில் பார்ப்பேன். நல்ல ஜர்னலின் பேரிலேயே போலி வெப்சைட்டும் உண்டு, ஒவ்வொரு ஜர்னலுக்கும் தனியாக இருக்கும் ஐஎஸ்எஸ்என் எண்ணை வைத்துச் சரிபாருங்கள்.

அரசே சந்தா கட்டி ஜர்னல்களைப் படிக்கக் கொடுக்கும் ஒரே நாடு ஒரே சந்தா திட்டம் 2025-இல் தொடங்கியபோது அரசு நிறுவனங்களுக்கு மட்டும்தான், எங்களைப் போன்ற தனியார் கல்லூரிக்கு இல்லை. அந்த வருத்தம் எனக்கு நிறைய உண்டு. கட்டுரை தேவைப்பட்டால் எழுதியவருக்கே மெயில் போடுங்கள். நான் கேட்டவர்களில் பெரும்பாலோர் அனுப்பினார்கள்.

ஆய்வு மாணவர், மேலூர்:

அக்கா, அண்ணே, ரெண்டு பேருக்கும் நன்றி. நல்ல ஜர்னல் என்றாலே லட்சக்கணக்கில் கேட்பார்கள் என்று எங்கள் லேபில் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம். ஓப்பன் ஆக்சஸ் (யாரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிடுவது) கேட்டால்தான் பல ஜர்னல்களில் அந்தக் கட்டணம், சந்தா கட்டியவர்கள் மட்டும் படிக்கிற வழியில் போட்டால் எழுதியவர் கட்ட வேண்டியதில்லை என்று ஒரு சீனியர் சொல்லித்தான் தெரியும். எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி என்ற வார ஜர்னல் எழுதுகிறவரிடம் காசு கேட்பதே இல்லை, நகரங்களுக்கென்றே அதில் தனிப் பகுதியும் வருகிறது. 1989 முதல் வரும் என்விரான்மென்ட் அண்ட் அர்பனைசேஷன் என்ற ஜர்னல் நம் மாதிரி நாடுகளிலிருந்து எழுதுகிறவர்களை வரவேற்கிறது. பல்கலைக்கழகத்தில் இல்லாத களப்பணியாளர்களும் அதில் எழுதுகிறார்கள்.

நான் மேலூர்ப் பக்கம் பெரியாறு பாசனக் கால்வாயை ஒட்டி வரும் மனைப்பிரிவுகளைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். அக்கா, உங்களுக்கு வந்த ரிவ்யூ கடிதத்தையும் நீங்கள் எழுதிய பதிலையும் பார்க்கக் கொடுப்பீர்களா? இங்கே யாரும் அப்படி ஒன்றைக் கண்ணால் பார்த்ததில்லை.