உலக முடிவுக்கு இரண்டாம் முறை: எத்தனை மணிக்குப் போகலாம்?

யாழ்ப்பாணத்தில் இருந்து ஒரு வான் பிடித்து, பன்னிரண்டு பேர் இலங்கை மலைநாட்டில் இருக்கும் ஹோர்ட்டன் சமவெளிக்குப் போகிறோம். எட்டு வருடத்துக்கு முன் போனபோது, அங்கே உலக முடிவு என்று சொல்லும் செங்குத்தான மலை விளிம்பில் வெறும் வெள்ளைப் பனிமூட்டத்தைத்தான் பார்த்தேன். இந்தமுறை அம்மாவும் வாறா. எப்போது உள்ளே போகவேண்டும்?

பதில்: தம்பி, ஒன்பது மணிக்கு முன்பே விளிம்பில் நில்லுங்கோ. பிறகு பள்ளத்தாக்கில் இருந்து முகில் ஏறிவிடும். நுவரெலியாவில் தங்கி வெள்ளனவே வெளிக்கிடுங்கோ. வாசலில் பொலித்தீன் பைகளை வாங்கிவிடுவார்கள். சாப்பாட்டை டப்பாவில் கட்டுங்கோ.

பதில்: சுற்றுப்பாதை ஏறக்குறைய 9 கிலோமீற்றர். அம்மாவுக்கு முழங்கால் வலி என்றால் பள்ளம் குறைந்த இன்னொரு விளிம்பான சின்ன உலக முடிவோடு திரும்பலாம். பேக்கர் அருவி இறக்கம் வழுக்கும், என் மச்சான் அங்கே ஒரு செருப்பை விட்டிட்டு வந்தவர்.

கேட்டவர்: சரி அண்ணை. யாழ்ப்பாணத்தில் ஆழமான நிலாவரைக் கிணற்றை எட்டிப் பார்க்கவே பயப்படுகிற அம்மா, 800 மீற்றருக்கு மேற்பட்ட பள்ளத்தைப் பார்த்து என்ன சொல்லுவாவோ!