சேமித்த வைஃபை கடவுச்சொல் அப்படியே தெரிகிறது: இது பாதுகாப்புக் குறைபாடா?

கேள்வி

வணக்கம். விண்டோஸ் 10 மடிக்கணினியில், நிர்வாகியாகத் திறந்த கமாண்ட் பிராம்ப்டில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரம்) நெட்வொர்க் அமைப்புகளைக் காட்டும் நெட்ஷ் கட்டளையை 'கீ=கிளியர்' என்பதோடு இயக்கினால், 'கீ கன்டென்ட்' என்ற வரியில் வைஃபை கடவுச்சொல் எழுத்து பிசகாமல் வந்து நிற்கிறது. கணினிக்குள் நுழையும் கடவுச்சொல்லை இப்படிப் பார்க்க முடிவதில்லையே, இதற்கு மட்டும் ஏன் அந்தக் காப்பு இல்லை? இதே கணினியை வேறு இருவரும் பயன்படுத்துகிறார்கள். விரைவில் இதை இன்னொருவருக்குக் கொடுத்துவிடவும் எண்ணியுள்ளேன்.

பதில் 1

நுழைவுக் கடவுச்சொல்லைக் கணினி சரிபார்த்தால் போதும் என்பதால், அதன் ஹாஷ் மதிப்பை (கடவுச்சொல்லிலிருந்து கணக்கிடப்படும், ஆனால் அதைத் திரும்பப் பெற முடியாத மதிப்பு) மட்டும் வைத்துக்கொண்டே வேலையை முடித்துவிடலாம். வைஃபையிலோ கணினிதான் ரௌட்டரிடம் தன்னை நிரூபிக்க வேண்டியிருக்கிறது; உங்களைக் கேட்காமல் தானாக இணைய வேண்டுமானால், திரும்ப எடுக்கக்கூடிய வடிவில் வைஃபை கடவுச்சொல் கணினியில் இருந்தே ஆக வேண்டும். விண்டோஸ் அதை 'புரோகிராம்டேட்டா' கோப்புறைக்குள் ஓர் எக்ஸ்எம்எல் கோப்பில், டிபிஏபிஐ என்ற விண்டோஸின் சொந்தப் பாதுகாப்பு முறையில் மறையாக்கம் செய்து (சாவியின்றிப் படிக்க முடியாதபடி மாற்றி) வைக்கிறது. அந்த மறையாக்கத்தின் சாவி உங்கள் கணக்கோடு அல்லாமல் இயங்குதளத்தோடு பிணைக்கப்பட்டிருப்பதால், நிர்வாகி உரிமை உள்ள எவரும் கடவுச்சொல்லைப் பார்க்கலாம். ஆகவே இதைக் குறைபாடு என்று சொல்ல மாட்டேன். மற்ற இருவருக்கும் நிர்வாகி உரிமையற்ற சாதாரணக் கணக்குகளை அமைத்துக் கொடுங்கள்.

பதில் 2

லினக்ஸில் நெட்வொர்க் இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜர் என்ற மென்பொருள் பெரும்பாலும் மறையாக்கம்கூடச் செய்வதில்லை; ரூட் (முழு உரிமையுள்ள நிர்வாகிக் கணக்கு) மட்டுமே படிக்கக்கூடிய கோப்பில் 'பிஎஸ்கே=' என்று வெறும் எழுத்தாகவே எழுதி வைக்கிறது. கடவுச்சொல்லுக்குப் பதிலாக, அதையும் நெட்வொர்க் பெயரையும் கொண்டு 4096 சுற்றுகளில் கணக்கிடப்படும் 64 இலக்கப் பதினாறடிமானச் சாவியைச் சேமிக்கச் சிலர் பரிந்துரைப்பார்கள். டபிள்யூபிஏ2 என்ற வைஃபை பாதுகாப்பு முறையில் இயங்கும் நெட்வொர்க்கில் இணைய அந்தச் சாவியே போதும் என்பதால், கோப்பைத் திருடியவரை அது தடுக்காது. அதே கடவுச்சொல்லை வேறு எங்காவது பயன்படுத்தியிருந்தால் மட்டும் (அப்படிச் செய்யாதிருப்பதே நல்லது) மூலக் கடவுச்சொல் நேரடியாக வெளிப்படாது என்ற அளவில் சிறிது பயன் உண்டு.

கேள்வி கேட்டவர்

விளக்கத்திற்கு நன்றி. அப்படியானால், கொடுப்பதற்கு முன் விண்டோஸில் அந்த நெட்வொர்க்கை 'ஃபர்கெட்' செய்தால் (சேமித்த பட்டியலிலிருந்து நீக்கினால்) போதுமா?

பதில் 1

போதாது. அமைப்பு நீங்கிவிடும், ஆனால் அழித்த கோப்பின் எச்சம் வட்டில் தங்கியிருக்கக்கூடும். வட்டைக் கழற்றி வேறொரு கணினியில் பொருத்திப் படிப்பவருக்கு, மறையாக்கத்தைத் திறக்கத் தேவையான சாவிகளும் அதே வட்டிலேயே கிடைத்துவிடும். பிட்லாக்கர் போன்ற முழுவட்டு மறையாக்கம் முன்பே இயங்கியிருந்தால் மட்டுமே அந்த வழி அடைபடும். எனவே 'ரீசெட்' செய்யும்போது, கோப்புகளை நீக்குவதோடு நில்லாமல் வட்டையே துடைக்கும் விருப்பத்தைத் தேர்ந்தெடுங்கள். பிறகு ரௌட்டரில் கடவுச்சொல்லை மாற்றுங்கள். எல்லாக் கருவிகளையும் மறுபடி இணைப்பது சலிப்பான வேலைதான், ஆனாலும் பழைய கடவுச்சொல் எங்கு எஞ்சியிருந்தாலும் செல்லாததாகிவிடும். உங்கள் ரௌட்டரில் விருந்தினர் நெட்வொர்க் வசதி இருந்தால், பலர் கைபடும் கணினியை இனி அதில் மட்டும் இணையுங்கள்.